தோட்டத்து 555 நோட்டு கைப்பேசிக்கு வருகிறது

கோலசிலாங்கூரிலும் வட சிலாங்கூர் தோட்டப் பகுதிகளிலும் வியாபாரம் பாதி நேரம் வேனிலும் படகுத்துறையிலும் செம்பனைச் சந்திலும்தான் நடக்கிறது. மேசைக்குச் செய்த வாடிக்கையாளர் மென்பொருள் இப்போது சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. எதை அதில் ஏற்றலாம்? எதை ஏற்றவே கூடாது?

தோட்டத்து மளிகைக்கடையில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கட்டு 555 நோட்டு இருக்கும். சட்டைப் பையில் அடங்கும் அளவு. வீட்டுக்கு ஒரு நோட்டு. அரிசி, மைலோ, சார்டின், மண்ணெண்ணெய் என்று மாதம் முழுக்க எழுதிக்கொண்டே வருவார்கள். சம்பளத்தன்று கூட்டிக் கழித்துக் கோடு போடுவார்கள். நோட்டில் இருந்தது கடன் மட்டும்தான். யார் வீட்டுக்கு அடுத்த மாதம் கல்யாணச் சாமான் போகும், அடைமழையால் யாருக்கு இந்த மாதம் வேலை நாள் குறைந்தது, யாரிடம் பாக்கியைக் கேட்கலாம், யாரிடம் பொறுத்துப் போக வேண்டும் என்பதெல்லாம் கடைக்காரர் தலையில் இருந்தது.

தலையில் இருந்த அந்தக் கணக்கை எழுத்தில் பிடிக்கும் முயற்சிக்கு உலக வணிகம் வைத்த பெயர் சிஆர்எம். தமிழில் வாடிக்கையாளர் மேலாண்மை மென்பொருள் என்கிறோம். யார் வாங்கினார், என்ன கேட்டார், எவ்வளவு பாக்கி, என்ன குறை சொன்னார், மறுபடி எப்போது பேச வேண்டும்: இந்த ஐந்து கேள்விக்கும் ஒரே இடத்தில் பதில் வைத்திருப்பதே அதன் வேலை. மற்றதெல்லாம் அலங்காரம்.

மேசையிலிருந்து சட்டைப் பைக்கு

1993-ல் அமெரிக்காவில் தொடங்கிய சீபெல் சிஸ்டம்ஸ் இந்த மென்பொருளைப் பெரிய நிறுவனங்களுக்கு விற்றுப் பெயர் வாங்கியது. சொந்த சர்வர் வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். விற்பனையாளர் பகலெல்லாம் அலைந்துவிட்டு, இரவில் உட்கார்ந்து நினைவிலிருந்து தட்டச்சு செய்வார். பாதி மறந்திருக்கும், மீதியில் பாதி அழகுபடுத்தப்பட்டிருக்கும். 1999-ல் வந்த சேல்ஸ்ஃபோர்ஸ் இதை இணையத்துக்குக் கொண்டுபோய் மாதக் கட்டணத்துக்கு விட்டது. 2007-ல் ஐபோன், 2010-ல் ஐபேட். அதற்குப் பிறகுதான் வாடிக்கையாளர் நிற்கும் இடத்திலேயே அவருடைய கணக்கைத் திறந்து பார்ப்பது சாதாரண வேலையாக ஆனது.

இந்தக் கதையில் தமிழர் பங்கு சின்னதல்ல. ஸ்ரீதர் வேம்பு உள்ளிட்டோர் 1996-ல் அட்வென்ட்நெட் என்று தொடங்கிய நிறுவனம் 2005-ல் ஸோஹோ சிஆர்எம்மை வெளியிட்டது. 2009-ல் நிறுவனத்தின் பெயரே ஸோஹோ என்று மாறியது. சென்னைக்கு வெளியே, தென்காசிக்குப் பக்கத்து மத்தளம்பாறையில் அலுவலகம் போட்டு, ஊர்ப்பிள்ளைகளை வேலைக்கு எடுத்த நிறுவனம் அது. சிறு வியாபாரிகளுக்கென்றே பிகின் என்ற எளிய சிஆர்எம்மை 2020-ல் கொண்டுவந்தது. திருச்சிக்காரரான கிரீஷ் மாத்ருபூதம் 2010-ல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க், வாடிக்கையாளர் குறைகளைக் கவனிக்கும் மென்பொருளாகப் பிறந்து, ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று வளர்ந்து, 2021 செப்டம்பரில் நாஸ்டாக் பங்குச் சந்தையில் ஏறியது. ஈஜோக்கில் ஒரு வியாபாரி இன்று போனில் திறக்கும் செயலியைத் தென்காசியில் யாரோ எழுதியிருக்கலாம்.

கைப்பேசியைச் சுருங்கிய கணினி என்று நினைத்தால் பாதி பயன் போய்விடும். மேசைக் கணினியில் கையோடு எடுத்துப்போக முடியாத நான்கு விஷயங்கள் அதில் உண்டு: கேமரா, இருப்பிடம் காட்டும் ஜிபிஎஸ், ஒலிவாங்கி, பிறகு அழைப்பு. காசோலையைப் படமெடுக்கலாம், வீட்டு வாசலில் நின்றே இடத்தைக் குறித்துக்கொள்ளலாம், கை காலியில்லாதபோது பேசிப் பதியலாம், பேசி முடித்த அழைப்பை அந்த ஆளின் கணக்கில் சேர்க்கலாம். அழைப்பு விஷயத்தில் மட்டும் ஒரு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். ஐபோனில் மற்ற செயலிகள் அழைப்புப் பட்டியலைப் படிக்க ஆப்பிள் விடுவதில்லை. ஆண்ட்ராய்டில் முடியும், ஆனால் அங்கும் கூகுள் கட்டுப்பாட்டை இறுக்கியிருக்கிறது. விற்பவர் தன் ஆண்ட்ராய்டில் காட்டுவதெல்லாம் உங்கள் ஐபோனிலும் நடக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

டேப்லெட்டின் இடம் வேறு. ஒரு கையில் பிடித்து வேலை செய்ய அது தோதுப்படாது. நடு வெயிலில் திரையும் மங்கும். ஆனால் மணவறை அலங்காரப் படங்களைப் பெண் வீட்டாருக்குக் காட்டவும், காப்புறுதிப் பாரத்தில் விரலால் கையெழுத்து வாங்கவும், கல்லாவில் நிறுத்திவைத்து அன்றைய ஆர்டர்களைப் பார்க்கவும் அதுதான் சரி. பதிவு போனில், காட்சி டேப்லெட்டில் என்று பிரித்துக்கொண்டால் செலவும் குறையும்.

நாள்காட்டியோடு ஓடும் வியாபாரம்

இந்த வட்டாரத்தின் தன்மை தெரியாமல் மென்பொருளைப் பற்றிப் பேசிப் பயனில்லை. பத்தாங் பெர்ஜுந்தை என்று முதியவர்கள் இன்னும் சொல்லும் பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்துத் தெனமாரம் தோட்டத்தில்தான், 1917-ல், பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்டார். அதற்குப் பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாகி, நம்மவர்கள் தாமான்களுக்கு நகர்ந்தார்கள். மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டத்து முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காக நெடுங்காலம் போராட வேண்டியிருந்ததும் இங்கேதான். ஒரே லயத்தில் இருந்த வாடிக்கை இப்போது ஏழெட்டு தாமான்களில் சிதறிக் கிடக்கிறது. தோட்டத்தில் குலை வெட்டுவோரில் பெரும்பாலோர் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்கள். முகம் பார்த்துப் பற்று வைத்த வியாபாரம் எண் பார்த்துப் பற்று வைக்கும் வியாபாரமாக மாறியது இப்படித்தான்.

அடுத்தது காலம். இங்கே எந்தத் தொழிலும் கடிகாரத்தோடு ஓடுவதில்லை, சுற்றோடு ஓடுகிறது. செம்பனையில் பத்து, பதினைந்து நாளுக்கு ஒரு வெட்டுச் சுற்று. குலை வெட்டினால் ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போவது நல்லது. தள்ளிப்போனால் எண்ணெயின் தரம் இறங்கும். குலை வாங்கும் முகவருக்கு எந்தச் சிறுதோட்டக்காரர் எந்தக் கிழமை வெட்டுவார் என்பதே மூலதனம். தஞ்சோங் காராங்கிலும் செகிஞ்சானிலும் நெல் ஆண்டுக்கு இரண்டு போகம். உரக்கடைக்காரர் நடவு நாளைத் தவறவிட்டால் அந்தப் போகத்து விற்பனை அடுத்த கடைக்குப் போகும்.

கடற்கரைப் பக்கம் இன்னும் சுவாரசியம். சாசாரானில் ‘வானக் கண்ணாடி’ என்று சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் மணல்திட்டு, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாள்களில்தான் நடக்கத் தோதாக வெளியே தெரியும். கடல் வற்றும் நேரம் நாளுக்கு நாள் தள்ளிப்போகும். கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கும் படகுகள் இருட்டிய பிறகு கிளம்பும். மழை வந்தால் கதை மாறும். ஆட்களை அழைத்து வரும் வேன்காரர் ஒரே மாலையில் முப்பது பேருக்கு நேரத்தை மாற்றிச் சொல்ல வேண்டி வரலாம். துறையில் நின்றபடி, அன்றைக்குப் பதிந்தவர்களை மட்டும் பிரித்தெடுத்து, பணம் கட்டியவர் யார், முன்பணம் மட்டும் தந்தவர் யார் என்று பார்க்க முடிந்தால் அது பெரிய உதவி. ‘அடுத்து எப்போது பேச வேண்டும்’ என்று நினைவூட்டும் ஒரு வசதிக்காக மட்டுமே இந்த மென்பொருளுக்குக் காசு கொடுக்கலாம்.

லைன் கிடைக்காத சந்தில்

மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியோடு மூடப்பட்டது, 4ஜி பரவலாகிவிட்டது. இருந்தாலும் செம்பனைக்குள் நுழைந்தால் லைன் குறையும் இடங்கள் இருக்கத்தான் செய்கின்றன. அதனால் தோட்டப் பக்கம் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, லைன் இல்லாதபோது செயலி என்ன செய்யும் என்பதைத்தான்.

செயலிகள் மூன்று விதம். முதல் வகை, லைன் போனதும் வெறும் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டாவது, பழைய பதிவுகளைக் காட்டும், புதிதாக எழுத விடாது. மூன்றாவது, எழுதியதைப் போனிலேயே வைத்திருந்து, லைன் வந்ததும் வரிசையாக அனுப்பும். வேண்டியது மூன்றாவதுதான், ஆனால் அதிலும் ஒரு வம்பு உண்டு. காலையில் லாரிக்காரர் சந்துக்குள் நின்று, ஒருவர் 200 ரிங்கிட் கட்டியதாகப் பாக்கியைக் குறைக்கிறார். அதே நேரம் கடையில் லாரிக்காரரின் மனைவி, பணம் கட்டிய அதே ஆளின் கணக்கில் புதிதாக இரண்டு மூட்டை உரம் ஏற்றுகிறார். மாலையில் இரண்டு பதிவும் சந்திக்கும்போது, கடைசியாக வந்தது வெல்லும் என்ற விதியில் ஓடும் செயலியானால், ஒன்று மற்றொன்றை அழித்துவிடும். இதற்கு வழி, பாக்கித் தொகையைத் திருத்தி எழுதாமல் ஒவ்வொரு வரவையும் பற்றையும் தனி வரியாகச் சேர்ப்பது. கூட்டலைச் செயலி பார்த்துக்கொள்ளும். நம் பேரேட்டின் பழைய விதி இதுவேதான்: அடித்து எழுதாதே, அடுத்த வரியில் எழுது.

சோதிப்பது எளிது. வாங்கும் முன் போனை ஃபிளைட் மோடில் போட்டு, ஒரு புதிய வாடிக்கையாளரைச் சேர்த்துப் பாருங்கள். பிறகு லைனைத் திறந்து, வேறொரு போனில் அந்தப் பெயர் வருகிறதா என்று பாருங்கள். விற்பவர் எவ்வளவு பேசினாலும் இந்தச் சோதனைக்கு முன் அது எடுபடாது.

பெயர் மூன்று, ஆள் ஒருவர்

நம் ஆட்களின் பெயரில் இந்த மென்பொருள்கள் தடுமாறும். முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அடையாள அட்டையில் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ போட்டு அப்பா பெயர் வரும். அதை அப்படியே நிரப்பினால் பாதிப் பேர் அப்பா பெயரில் அகரவரிசைப்படுவார்கள். முனியம்மா என்ற ஒரே பெயரை ரோமன் எழுத்தில் நான்கு விதமாக எழுதுகிறோம். ஒரே அம்மா மூன்று கணக்காக நிற்பார். தள்ளுபடிச் செய்தி மூன்று முறை போகும், பாக்கி மட்டும் ஒன்றில் மறைந்துகொள்ளும். ஆளை அடையாளம் காணத் தொலைபேசி எண்ணைப் பயன்படுத்துவது ஓரளவு உதவும். ஆனால் பிரிபெய்ட் எண்ணை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. எண்ணோடு வீட்டின் இருப்பிடத்தையும் சேர்த்துக் குறித்துவைப்பதே பாதுகாப்பு. ‘கோவிலுக்குப் பின்னால் மூன்றாவது லயம்’ என்ற முகவரியை எந்தக் கட்டமும் ஏற்காது, வரைபடத்தில் குத்திய புள்ளி ஏற்கும்.

தமிழிலேயே எழுதலாமே என்றால், தாராளமாக. கைப்பேசியில் தமிழ் வந்ததற்கு இந்த நாட்டுக்கே ஒரு பங்கு உண்டு. மலேசியரான முத்து நெடுமாறன் 1985-ல் முரசு அஞ்சலைத் தொடங்கியவர். 2005 பொங்கலையொட்டி செல்லினத்தை வெளியிட்டவர். இன்று போனிலேயே தமிழ் விசைப்பலகை இருக்கிறது. ஆனால் கடையில் வேலை செய்யும் பையனுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா என்று முதலில் பாருங்கள். பெயரை ரோமனிலும் குறிப்பைத் தமிழிலும் வைப்பதே பலருக்கும் ஒத்துவரும். எந்த வழியானாலும், கடையில் எல்லாரும் ஒரே மாதிரி எழுத வேண்டும்.

வாட்ஸ்அப் போதாதா?

நேர்மையான பதில்: பலருக்குப் போதும். 2018 ஜனவரியில் வந்த வாட்ஸ்அப் பிசினஸ், கட்டணம் இல்லாத செயலி. ‘புதிய ஆர்டர்’, ‘பணம் பாக்கி’, ‘பணம் கட்டியாயிற்று’ என்று உரையாடல்களுக்கு அடையாளச் சீட்டு ஒட்டலாம். பொருள் படங்களை அடுக்கலாம். அடிக்கடி கேட்கும் கேள்விக்கு ஆயத்தப் பதில் வைக்கலாம். முறுக்கு, அதிரசம் செய்து விற்கும் அம்மாவுக்கு, தையல் வேலை எடுக்கும் அக்காவுக்கு, வார இறுதியில் மட்டும் படகு விடுபவருக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

எல்லை எங்கே வரும் என்று தெரிந்துகொள்வது நல்லது. ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேர்தான். அதுவும் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கே போய்ச் சேரும். பேச்சு இருக்கும், கணக்கு இருக்காது: ஆறு மாதத்துக்கு முன் ஒருவர் கேட்ட விலையைத் தேட விரலால் மேலே தள்ளிக்கொண்டே போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், வேலையாள் தன் சொந்த எண்ணிலிருந்து வாடிக்கையாளர்களோடு பேசினால், அவர் வேலையை விட்ட அன்று வாடிக்கையும் அவரோடு போகும். கடையில் இரண்டாவது ஆள் விற்கத் தொடங்கும் நாள்தான் சிஆர்எம் தேடத் தொடங்க வேண்டிய நாள்.

அரசாங்கமும் இன்னொரு பக்கமிருந்து தள்ளுகிறது. 2024 ஆகஸ்டு 1-ல், ஆண்டு விற்பனை 100 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களில் தொடங்கிய இ-இன்வாய்ஸ் முறை படிப்படியாகக் கீழே இறங்கி வந்தது. சிறு கடைகளுக்கு விலக்கு உண்டு. விலக்கு இல்லாத கடையில் வாங்குகிறவர் தன் பெயருக்கு இ-இன்வாய்ஸ் கேட்டால், அவருடைய வரி எண், அடையாள எண், முகவரி எல்லாம் சரியாக வேண்டும். வாடிக்கையாளர் பட்டியல் ஒழுங்காக இருந்தால் இது ஒரு நிமிட வேலை. செலவுக்கும் கொஞ்சம் கை கொடுக்கும் திட்டங்கள் வந்திருக்கின்றன. 2020 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்து பிஎஸ்என் வங்கி வழியாகத் தந்த இலக்கவியல் மானியம், பாதிச் செலவை 5,000 ரிங்கிட் வரை ஏற்றது. மானியம் பெறும் சேவைகளின் பட்டியலில் சிஆர்எம்மும் இருந்தது. அது போன்ற திட்டம் இப்போது திறந்திருக்கிறதா என்று வங்கியில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

தலையில் இருக்கட்டும், எழுத வேண்டாம்

கடைக்காரர் தலையில் இருந்ததையெல்லாம் போனில் ஏற்றிவிடலாமா? கூடாது. இந்தக் கட்டுரை அழுத்திச் சொல்ல வருவது இதைத்தான்.

தலையில் இருந்த குறிப்பை யாரும் படிக்க முடியாது. கடைக்காரரோடு வந்தது, அவரோடு போனது. போனில் ஏறிய குறிப்பை வேலையாள் படிப்பார், தொலைந்த போனை எடுத்தவர் படிப்பார், சம்பந்தப்பட்டவரே ஒரு நாள் கேட்டு வாங்கிப் படிப்பார். 2010-ம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. வியாபாரத்தில் பிறர் விவரத்தைச் சேர்ப்பவர்களைக் கட்டுப்படுத்துவது அது. தன்னைப் பற்றிய பதிவைப் பார்க்கவும் திருத்தக் கேட்கவும் வாடிக்கையாளருக்கு அதில் உரிமை உண்டு. குறிப்புக் கட்டத்தில் ‘ஏமாற்றுப் பேர்வழி’ என்று எழுதும் முன் அவர் எதிரே உட்கார்ந்து வாசிப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். உடல்நலம், சமயம், அரசியல் கருத்து ஆகியவை கூடுதல் பாதுகாப்புள்ள விவரங்கள்; அவற்றைப் பதிய வெளிப்படையான ஒப்புதல் வேண்டும். ‘மாமாவுக்கு இனிப்பு நீர்’ என்று கேட்டரிங் குறிப்பில் எழுதுவதுகூட இதில் அடங்கும். ‘சர்க்கரை போடாத பாயசம்’ என்று எழுதினால் வேலையும் நடக்கும், யாருடைய நோயும் பதிவாகாது.

2024-ல் செய்த திருத்தம் அபராதத்தை 300,000 ரிங்கிட்டிலிருந்து 10 லட்சம் ரிங்கிட் வரை உயர்த்தியது. சிறை மூன்றாண்டு வரை. 2025 ஜூன் 1 முதல், தரவு கசிந்தால் ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். விவரம் எதற்குச் சேர்க்கிறோம் என்ற அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். தமிழைப் பற்றிச் சொல்லவில்லை. ஆனால் அடையாள அட்டையை நீட்டும் பாட்டிக்கு, ‘இது எதுக்குன்னா…’ என்று தமிழில் இரண்டு வார்த்தை சொல்வதற்குச் சட்டம் எதற்கு?

பெட்டி: வாங்கும் முன் ஏழு கேள்வி

1. லைன் இல்லாமல் புதிய பதிவு எழுத முடியுமா? ஃபிளைட் மோடில் காட்டச் சொல்லுங்கள்.

2. ஒரு கையால், கட்டை விரலால், ஒரு ஆர்டரைப் பதிய எத்தனை தட்டு? எண்ணிப் பாருங்கள். அதிகமானால் யாரும் பதியமாட்டார்கள்.

3. வேலையாளுக்கு அவருடைய வாடிக்கையாளர் மட்டும் தெரியும்படி பிரிக்க முடியுமா?

4. போன் தொலைந்தால், வேறொரு கருவியிலிருந்து அந்தப் போனின் கணக்கை மூட முடியுமா?

5. மாதக் கட்டணம் ஆளுக்கா, கடைக்கா? ரிங்கிட்டிலா, டாலரிலா?

6. போனில் தெரிவதெல்லாம் டேப்லெட்டிலும் தெரியுமா, இல்லை சில வசதிகள் கணினியில் மட்டுமா?

7. நாளைக்கு வேண்டாம் என்று விட்டால், முழுப் பட்டியலையும் கோப்பாக எடுத்துக்கொண்டு வெளியே வர முடியுமா? இதற்கு ‘முடியாது’ என்று பதில் வந்தால் மற்ற ஆறையும் கேட்க வேண்டாம்.

எதை ஏற்றுவது?

வாக்கை ஏற்றுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஐம்பது வாழையிலை தருகிறேன் என்றது, அடுத்த சுற்றுக்கு உரத்தைக் கடனாகத் தருகிறேன் என்றது, மழை வந்தால் முன்பணத்தைத் திருப்புகிறேன் என்றது. வாடிக்கையாளருக்கு நாம் கொடுத்த வாக்கு, அவர் நமக்குக் கொடுத்த வாக்கு, அதற்கான நாள், தொகை. இவ்வளவும் போனில் இருக்க வேண்டும். வீட்டுச் சங்கதி, குணம், குறை எல்லாம் பழையபடி தலையிலேயே இருக்கட்டும்.

தொடங்குவதற்கு விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. இந்த வாரம் இருபது வாடிக்கையாளர்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: பெயர், எண், வீட்டுப் புள்ளி, கடைசியாக வாங்கியது, அடுத்துப் பேச வேண்டிய நாள். கட்டணம் இல்லாத ஏதாவது ஒரு செயலியில் போட்டு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். தினமும் திறந்தால் மேற்கொண்டு செலவு செய்யலாம். திறக்கவில்லையென்றால் ஆயிரம் ரிங்கிட் மென்பொருளையும் திறக்கப் போவதில்லை.

வட சிலாங்கூரில் அப்பா நடத்திய கடையைப் பிள்ளைகள் எடுத்து நடத்தாததற்குப் பல காரணம் உண்டு. ஷா ஆலாமில் வேலை, கோலாலம்பூரில் வீடு, படிப்பு. அவற்றை எந்தச் செயலியும் மாற்றாது. ஆனால் எடுத்து நடத்த விரும்பும் பிள்ளைக்கு, யாருக்கு எதைத் தருவதாகச் சொல்லியிருக்கிறோம் என்பது தெரியாததால் கடை கைவிட்டுப் போவதை மாற்றலாம். அப்பா மருத்துவமனையில் இருக்கும் வாரத்திலும் அவர் சொன்ன நாளில் சொன்ன பொருள் போய்ச் சேர்ந்தால், அந்த வாடிக்கை அடுத்த தலைமுறைக்கும் நிற்கும்.